ரீசெட் செட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது: மறு இறுதியா, தீர்வாட்டமா?

வணக்கம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 ஆகிய சண்டை வீடியோ கேம்களின் உள்ளூர்ப் போட்டிகளுக்குத் தமிழில் விதித்தாள் எழுதும்போது ஒரு சொல்லில் வண்டி நின்றுவிடுகிறது. டபுள் எலிமினேஷனில் இரண்டு முறை தோற்றவர்தான் வெளியே போவார். கிராண்ட் ஃபைனலுக்கு ஒருவர் தோற்காமலே வருகிறார். மற்றவர் ஒரு தோல்வி வாங்கி, ஒருமுறை தோற்றவர்கள் ஆடும் கீழ்ப்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறார். கீழிருந்து வந்தவர் ஜெயித்தாலும் உடனே கோப்பை இல்லை. இப்போது இருவருக்கும் தலா ஒரு தோல்வி, ஆகவே இன்னொரு செட் (பல ஆட்டங்கள் கொண்ட ஒரு மோதல்). இதைத்தான் பிராக்கெட் ரீசெட் என்கிறோம். சண்டை கேம்களுக்கான பெரிய போட்டியான ஈவோவில், 2017-இல் டோக்கிடோ என்ற ஆட்டக்காரர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பட்டத்தை வென்றது இப்படி, எதிராளி பங்க்கை இரண்டு செட்டிலும் வீழ்த்தித்தான்.

ரீசெட்டுக்கு 'மறு இறுதி', அல்லது ஒரே சொல்லாக 'மீளிறுதி'. டபுள் எலிமினேஷனுக்கு 'ஈருயிர் முறை'. விளையாடுகிறவர்கள் 'ஒரு லைஃப் போச்சு' என்றுதானே சொல்கிறார்கள்?

– க.

•

> ஈருயிர் முறை

ஈருயிர்க்காரி என்றால் கர்ப்பிணி ஐயா. பேனரில் 'ஈருயிர்ப் போட்டி' என்று அடித்தால் நாலு பேர் வளையலோடு வந்து நிற்பார்கள். 'இருதோல்வி முறை' போதும், விதியும் அதுவே.

> மறு இறுதி

வில்லங்கம் இங்கேதான். மறுவாக்குப்பதிவு, மறுதேர்வு என்று 'மறு' வந்தாலே முன்னது செல்லாது என்றுதான் காதில் விழும். மீளிறுதிக்கும் அதே குறை. இங்கே முதல் இறுதி செல்லாமல் போவதில்லை. அதில் விழுந்த தோல்வி கணக்கில் நிற்பதால்தான் இன்னொரு செட்டே நடக்கிறது. 0-0 என்று திரும்புவது ஆட்டக்கணக்கு மட்டும். ஆங்கிலத்து ரீசெட்டும் கோணல் சொல்தான், அதன் கோணலைத் தமிழுக்கும் இறக்குவானேன்?

தோல்விகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு செட்டிலும் யாருக்கோ ஒரு தோல்வி விழுகிறது. 16 பேர் போட்டியில் 15 பேர் தலா இரண்டு தோல்வியோடு வெளியேற 30 செட் ஆகும். சாம்பியனும் ஒரு தோல்வி வாங்கியிருந்தால் 31. அந்த 31-வது செட்டுக்குத்தான் பெயர் தேடுகிறோம். அது தீர்க்கிற செட், 'தீர்வாட்டம்' என்பேன்.

வின்னர்ஸ், லூசர்ஸ் பக்கங்களுக்கு 'வென்றோர்', 'தோற்றோர்' வேண்டாம். கீழ்ப்பக்கத்தில் ஐந்து செட் வரிசையாக ஜெயித்தவரை 'தோற்றோர் பக்கத்துக்கு வாங்க' என்று மைக்கில் கூப்பிடுவது நன்றாகவா இருக்கிறது? 'தோல்வியிலாப் பக்கம்', 'ஒருதோல்விப் பக்கம்' என்றால் தாளைப் பார்த்ததுமே யாருக்கு எத்தனை மிச்சம் என்று தெரியும்.

– செ.

•

தீர்வாட்டம் சரி, ஒரு சிக்கலோடு. லீக் முறையில் நாலு நாலு பேராகப் பிரித்து ஆடவிட்டால், மூன்று பேர் இரண்டு வெற்றியோடு சமமாக நிற்பது உண்டு. அங்கே வைக்கும் கூடுதல் செட்டையும் ஆட்கள் தீர்வாட்டம் என்றே சொல்லப்போகிறார்கள். அதற்குத் தனி ஆட்டம் வைக்காமல், வென்ற ஆட்டங்களில் தோற்றவற்றைக் கழித்து வரிசைப்படுத்துவோம் என்று எழுதிவிட்டால் சொல் ஒன்றுக்கு மட்டும் நிற்கும்.

பெயரைவிட அதன் விளைவு முக்கியம். 'இறுதியின் தொடர்ச்சி' என்ற பொருள் வந்தால், கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவர், தான் ஆடும் கேம் பாத்திரத்தை மாற்றக்கூடாது என்ற பூட்டும் தொடரும். தனிச் செட் என்றால் பூட்டு திறக்கும். இருவரும் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம், யாராவது கேட்டால் மறைதேர்வு: ஒருவர் தன் பாத்திரத்தை நடுவரின் காதில் சொல்லிவிட, மற்றவர் திரையில் தேர்ந்தெடுப்பார், பிறகு முதலாமவர் சொன்னதையே எடுக்கவேண்டும். தனிச் செட் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் நடுவரைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

நேரமும் இங்கேதான் இடிக்கும். பட்டன் சரிபார்ப்பு சேர்த்து செட்டுக்கு 10 நிமிடம், 30 செட், இரண்டு திரை, ஆக 150 நிமிடம் என்று மண்டபம் பிடிப்பார்கள். ஒருதோல்விப் பக்கத்தின் கடைசி இரண்டும் இறுதியும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கமுடியும், இன்னொரு திரை சும்மா கிடக்கும். போதாததற்கு அவை பெரும்பாலும் ஐந்து ஆட்டத்தில் மூன்றை வெல்லவேண்டிய செட்டுகள். தீர்வாட்டத்துக்கென 20 நிமிடம் தனியாக எடுத்து வையுங்கள். நேரமில்லை என்று அந்த ஒரு செட்டை மட்டும் மூன்றில் இரண்டாகக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இன்னொன்று, 'சுற்று'. இலங்கையில் சுற்றுப்போட்டி என்றால் முழுப் போட்டியே. இங்கே காலிறுதியும் சுற்று, ஸ்ட்ரீட் ஃபைட்டரின் 99 விநாடியும் சுற்று. 'ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தியவர் சுற்றை இழப்பார்' என்று எழுதினால், போட்டியை விட்டே போ என்கிறார்களோ என்று ஒருவர் எழுந்துவிடுவார். 99 விநாடிக்கு 'ரவுண்டு' என்றே வைத்துக்கொள்ளலாம். டென்னிஸ் செய்தியில் செட் எப்போதோ தமிழாகிவிட்டது, அதையும் தொடவேண்டாம்.

– ம.

•

ஏற்கிறேன். ஈருயிரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திருத்திய வரைவு:

'ஒருதோல்விப் பக்கத்திலிருந்து வந்தவர் இறுதியை வென்றால் தீர்வாட்டம் நடக்கும். அது தனிச் செட்: ஐந்தில் மூன்று, 0-0-இல் தொடக்கம், இருவரும் பாத்திரம் மாற்றலாம். தீர்வாட்டத்தை வென்றவரே சாம்பியன்.

ரவுண்டு நடக்கும்போது ஆட்டத்தை நிறுத்தியவர் அந்த ரவுண்டை இழப்பார். வயர்லெஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர், எழுந்து போகுமுன் கன்சோலிலிருந்து அதன் இணைப்பை நீக்கவேண்டும்.'

– க.

•

கடைசி வரிக்குக் காரணத்தையும் சேர்த்துவிடுங்கள். இணைப்பு நீக்காத கன்ட்ரோலர் பைக்குள் கிடந்து அதன் பி.எஸ். (பிளேஸ்டேஷன்) பட்டன் அமுங்கினால், அதே கன்சோலில் வேறு இருவர் ஆடும் ஆட்டம் பாதியில் நிற்கும். காரணம் தெரியாமல் யாரும் செய்யமாட்டார்கள்.

தாளில் 31-வது கட்டத்தைப் புள்ளிக்கோட்டால் வரைந்து, உள்ளே 'தீர்வாட்டம் (தேவைப்பட்டால்)' என்று போடுங்கள். முழுக்கோடாக இருந்தால், 30-வது முடிந்ததும் பரிசுக்கு எழுந்தவரை உட்காரச் சொல்லி யாராவது கத்துவார்கள்.

– ம.