தம்பி பெயரில் கரண்ட் அக்கவுண்ட் கேட்கிறார்கள், கமிஷன் தருகிறார்களாம். கொடுக்கலாமா?

வியாசை அக்கா

வணக்கம். வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 20 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான், இன்னும் எதுவும் அமையவில்லை. சாயங்காலம் மைதானத்துக்குப் பந்து விளையாடப் போவான். அங்கே பழக்கமான ஒருவர் இவனிடம் வங்கிக் கணக்கு திறந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார். முப்பது வயது இருக்கும், நல்ல பைக் வைத்திருக்கிறார், பையன்களுக்கெல்லாம் டீ, பப்ஸ் வாங்கிக் கொடுப்பாராம்.

சேவிங்ஸ் இல்லை, வியாபாரத்துக்கான கரண்ட் அக்கவுண்ட். அதற்காக இவன் பெயரில் ஏதோ ஒரு ‘டிரேடர்ஸ்’ என்று உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழும் எடுத்தாயிற்று. ஏ.டி.எம். கார்டு, செக் புக், நெட் பேங்கிங், கணக்கோடு சேர்த்த சிம் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கையில் உடனே 10,000 ரூபாய், அப்புறம் வருகிற பணத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷன். உங்கள் பெயரிலேயே திறந்தால் என்ன என்று தம்பி கேட்டதற்கு, ‘ஆன்லைன் கேமிங் கம்பெனி, ஒரே கணக்கில் நிறைய பணம் வந்தால் வருமான வரித் தொல்லை’ என்றாராம்.

சிம்மை இவன் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். கார்டும் செக் புக்கும் இருக்கிற கவர் நேற்று கூரியரில் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ‘என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாய்’ என்று நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அப்பா லோடு வேலை, அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. கார்டைக் கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்

எங்கள் தெருவில் ஒரு பையன் இப்படித்தான் கொடுத்தான். சொன்னபடி பணம் வந்தது, புது போன்கூட வாங்கிவிட்டான். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதற்கு இவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று தெரியவில்லை.

டைப்பிங் அண்ணன்

தங்கச்சி, அந்தக் கவரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். பணத்தை இழந்துவிட்டு சைபர் கிரைம் புகார் பதிய வருகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், சைபர் கிரைம் நோட்டீஸ் வந்து கை நடுங்க வருகிறவர்களும் வருகிறார்கள். இரண்டு தரப்பையும் பார்ப்பதால் சொல்கிறேன்.

உங்கள் தம்பி கணக்கு வழியாக ஓடப்போவது பறித்த பணம். எங்கேயோ ஓய்வு பெற்ற ஒருவரை வீடியோ காலில் போலீஸ் மாதிரி பேசி ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டி வாங்கியதாக இருக்கும், இல்லை ஷேர் மார்க்கெட்டில் இரட்டிப்பு ஆகும் என்று வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வாங்கியதாக இருக்கும். ஏமாற்றுகிறவன் தன் சொந்தக் கணக்கில் வாங்க மாட்டான். முதலில் இப்படி ஒரு பையனின் கணக்கில் விழும். சில நிமிஷத்திலேயே அதைத் துண்டு துண்டாகப் பல பேர் கணக்குக்கு அனுப்பி, ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள், அல்லது கிரிப்டோவாக மாற்றி வெளிநாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். பணத்தை இழந்தவர் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ததும் முதலில் தேடப்படுவது, பணம் போய் விழுந்த அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான். அதில் ஆதார், பான், போட்டோ, வீட்டு விலாசம் எல்லாம் உங்கள் தம்பியுடையது. அந்த பைக் ஆளின் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது. கேமிங், வருமான வரி என்பதெல்லாம் அதை மறைக்கச் சொல்கிற கதை.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் இந்தியில் அச்சடித்த நோட்டீஸ். வடக்கே ஒரு காவல் நிலையத்தில் நேரில் வந்து விளக்கம் சொல்லச் சொல்லி. பையனுக்குக் காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை. கணக்கைக் கொடுத்ததற்கு அவனுக்குக் கிடைத்தது 7,000 ரூபாய். ஸ்டேட்மென்டை பிரிண்ட் போட்டேன். ஒரு வரியில் நாலு லட்சம் உள்ளே, அடுத்தடுத்த வரிகளில் 49,000, 49,500, 48,000 என்று வெளியே. திரும்பவும் உள்ளே, திரும்பவும் வெளியே. ஒரே தேதிக்கு மட்டும் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. கடைசி வரியில் மீதி 312 ரூபாய். அந்த அம்மா அந்த வரியில் விரலை வைத்து, ‘இவ்வளவுதானே சார் இருக்கு, இதைக் கட்டிட்டா பையனை விட்டுடுவாங்களா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பையனின் சம்பளக் கணக்கையும் சேர்த்து முடக்கியிருந்தார்கள்.

கொருக்குப்பேட்டை கேட் சொல்கிற பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், இன்னும் ஆகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புகார் வந்து, வழக்கு பதிந்து, வங்கியில் விவரம் கேட்டு, நோட்டீஸ் வீடு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். நண்பரே, அவனிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், இன்றைக்கே.

தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். கார்டு உங்களிடம் இருந்தால் மட்டும் போதாது. சிம் அவர் கையில் இருக்கிறவரை ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கார்டு இல்லாமலேயே வங்கி ஆப்பைத் திறக்கப் பார்க்கலாம். அதனால் இப்போதே வங்கியின் உதவி எண்ணுக்குத் தம்பியைப் பேச வைத்து, கணக்கில் இருந்து பணம் வெளியே போகாதபடி நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலி எண் போட்டு வைத்திருப்பார்கள். கூரியர் கவரின் மேலேயே வங்கியின் உதவி எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தம்பி ஆதாரோடு சிம் நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போய் டூப்ளிகேட் சிம் வாங்கட்டும். புதியது வேலை செய்ய ஆரம்பித்ததும் அவரிடம் இருப்பது செத்துவிடும். அங்கிருந்து நேராக வங்கிக் கிளைக்குப் போய், கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். வேறொருவர் பயன்படுத்தக் கேட்டார், எனக்கு இது வேண்டாம் என்று அதிலேயே எழுதி, ஒரு பிரதியில் தேதியோடு சீல் வாங்கி வையுங்கள். அந்த சீலை விட்டுவிட்டு வராதீர்கள்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தம்பி பெயரில் மொத்தம் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு சிம் வாங்கும்போது ‘ரேகை பதியவில்லை, திரும்ப வையுங்கள்’ என்று சொல்லி இன்னொன்று எடுத்துவிடுகிற கடைகளும் இருக்கின்றன.

பெரம்பூர் ஓய்வு

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டைப்பிங் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிளைக்குப் போகும்போது, கணக்கில் ஏற்கெனவே ஏதாவது பணம் விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். விழுந்திருந்தால் அதில் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். ‘தவறுதலாக வந்துவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்பு’ என்று யாராவது போன் செய்தாலும் அனுப்பக் கூடாது. பறித்த பணத்தை அடுத்த கணக்குக்கு நகர்த்துவதும் இப்படித்தான். மேலாளரிடம் சொல்லுங்கள், அது எங்கே போக வேண்டும் என்பதை வங்கியும் போலீசும் பார்த்துக்கொள்ளும்.

உத்யம் பதிவு இலவசம், சுய உறுதிமொழிதான். அதனால்தான் இந்த ஆட்கள் அதைச் சுலபமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் புதுக் கணக்கு, புது எண், முதல் வாரமே லட்சக்கணக்கில் வரவு என்றால் வங்கிக்கும் தெரியும். இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்’ என்று ஒரு மென்பொருளையே உருவாக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதை அறிவித்தது. சிக்க மாட்டோம் என்று தம்பி நினைத்தால் இதைக் காட்டுங்கள்.

வியாசை அக்கா

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதைத் தம்பியை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். 312 ரூபாய் என்ற இடம் வந்ததும் போனை வாங்கி அவனே மிச்சத்தைப் படித்தான். வங்கிக்குப் பேசி கணக்கை நிறுத்தியாயிற்று, நல்லவேளை இதுவரை எதுவும் வரவில்லை. சிம்முக்கு நாளை போகிறோம். ஆனால் அந்த ஆள் அதற்குள் பல தடவை போன் செய்துவிட்டார். ‘செலவு பண்ணியிருக்கேன், கவர் வரலைன்னா வீட்டுக்கு வருவேன்’ என்கிறார். தம்பி பயந்து வாட்ஸ்அப்பை எல்லாம் அழிக்கப் போனான். நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

பாரிமுனை வக்கீல்

தடுத்தது மிகவும் நல்லது. ஒரு மெசேஜ்கூட அழிக்க வேண்டாம். யார் கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்பதற்கு அவைதான் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அவர் பேசுவதையும் பதிவு செய்யுங்கள்.

அவரைத் தனியாகப் போய்ப் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்தால் 100 அல்லது 112. காத்திருக்காமல், நாளை வங்கி சீல் வாங்கியதும் அந்தப் பிரதியோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தம்பியே புகார் கொடுக்கட்டும். அவர் போன் எண், பைக் எண் இரண்டும் புகாரில் இருக்கட்டும். ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் புரண்ட பிறகு போனால் தம்பியை பாரதிய நியாய சன்ஹிதா 318(4) மோசடிப் பிரிவில் சேர்க்க முடியும், அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவும் சேரலாம். ‘எனக்குத் தெரியாது’ என்று அப்போது நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். பணம் வருவதற்கு முன்பே போகிற உங்கள் தம்பி புகார்தாரராகப் போகிறார்.

கூட வர வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்குப் பேசுங்கள், இலவசச் சட்ட உதவிக்கான எண் அது. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. அப்பாவிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள், அந்த ஆள் வாசலில் வந்து நிற்கும்போது அவருக்கு முதல்முறையாகத் தெரியக் கூடாது.