கோழி எந்தக் கட்டத்துல வரும்? ரெண்டாங்கிளாஸ் பசங்க மடக்கிட்டாங்க

சாக்பீஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். விலங்குகளை உடம்பு மேல என்ன இருக்குன்னு பாத்து பிரிக்கற பாடம் எடுக்கறேன், போர்டுல முடி, இறகு, செதில், ஓடு, ஈரத்தோல்னு அஞ்சு கட்டம் போட்டாச்சு. பசு, ஆடு, புறா எல்லாம் சட்டுனு சொல்லிட்டாங்க. வௌவாலை இறகுல வச்சாங்க, ஏண்டான்னா "பறக்குதே டீச்சர்". அதுகூட பரவால்ல, ஒரு பையன் எந்திரிச்சு "எங்க வீட்டுக் கோழி கால்ல செதில் இருக்கு, அப்ப அது ரெண்டு கட்டத்துலயும் வருமா"ன்னு கேட்டான், நாளைக்கு சொல்றேன்னு சமாளிச்சுட்டு வந்துட்டேன் 😅 நெசமாவே செதில்தானா அது?

மீன்கொழம்பு:
பையன் சொன்னது சரிதான் டீச்சர், கோழி, புறா, மயில் எல்லாத்துக்கும் கால்ல செதில்தான். ரெண்டுலயும் வைக்க விடுங்க, கட்டத்த அழிச்சுட்டு தரையில ரெண்டு வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி போட்டா கோழி நடுவுல நின்னுக்கும். அப்புறம் மீன் கடையில கட்லா செதில் கேளுங்க, சும்மாவே அள்ளிக் குடுப்பாங்க, சோப்பு போட்டு கழுவி வெயில்ல காயவச்சா நகம் மாதிரி ஆயிடும், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா வளையம் வளையமா கோடு தெரியும். கூடவே ஒரு கெளுத்தியும் காட்டுங்க, மீனுதான், ஆனா செதிலே கெடையாது.

ரெண்டுபுள்ளஅம்மா:
இறகையும் கையில குடுங்க. ஓரத்த விரலால பிரிச்சுவிட்டு மறுபடி நீவினா ஜிப் மாதிரி ஒட்டிக்கும், உள்ள குட்டிக்குட்டி கொக்கி இருக்கு. எம்பொண்ணு அரைமணி நேரம் அதையே பண்ணிட்டு இருந்தா. (மயிலிறகு குட்டி போடுமான்னு கேப்பாங்க, ரெடியா இருங்க)

பழையவாத்தியார்:
அவசரப்படாதீங்கம்மா, மொத நாளே கெளுத்தி, வௌவால்னு போனா சின்னதுங்க திணறும். தெளிவானத மொதல்ல படியவிட்டு விதிவிலக்க அடுத்த வாரம் எடுங்க. ஆனா ஆமைய மட்டும் அன்னிக்கே சொல்லிடணும், கார்ட்டூன் பாத்துட்டு அது ஓட்ட கழட்டி வச்சுட்டு வெளிய வரும்னே நம்புதுங்க, அந்த ஓடு முதுகெலும்பு, விலா எலும்போட சேந்தே வளந்தது. அழுங்கு (எறும்புத்தின்னின்னும் சொல்வாங்க) படமும் எடுத்து வைங்க. உடம்பு பூரா செதில், நம்ம நகத்துல இருக்கற அதே கெரட்டின்தான், ஆனா குட்டிக்குப் பால் குடுக்கும். மேல என்ன இருக்குங்கறது வேற, எந்த இனம்ங்கறது வேறன்னு அப்ப புரியும்.

சாக்பீஸ்_டீச்சர்:
சார், விதிவிலக்க நான் எங்க தள்ளிப்போடறது, அந்தப் பயலே தெனம் ஒண்ணு கொண்டு வரான். இன்னிக்கு நோட்டுக்குள்ள பாம்புச் சட்டை! வேலியோரம் கெடந்துச்சாம், தல பக்கம் கிழியாம இருக்கு, கண்ண மூடியிருந்த செதில்கூட கண்ணாடி மாதிரி சேந்தே உரிஞ்சு வந்திருக்கு. கிளாஸே மொய்ச்சுருச்சு, அப்புறம் வரிசையா கூட்டிட்டுப் போயி கை கழுவ வச்சேன். வட்டம் மட்டும் நாளைக்குத்தான் போடணும்.