பள்ளிக்கால ஓவியங்கள்: உதிரும் போஸ்டர் கலரை எப்படி நிறுத்துவது?

வணக்கம். பத்தாம் வகுப்பு ஓவிய வகுப்பில் கார்ட்ரிட்ஜ் தாளில் வரைந்த 14 படங்கள். 9 போஸ்டர் கலர், 5 ஆயில் பேஸ்டல். 1997 முதல் சுருட்டியே கிடந்தவை.

சிக்கல் போஸ்டர் கலரில்தான். அதன் பிணைப்பு கோந்து, காய்ந்தால் விறைத்துவிடும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகப் பூசிய இடங்கள், சுருளை விரித்ததும் செதில் செதிலாக எழும்புகின்றன. தண்ணீர் பட்டால் வண்ணம் கரையும், அதனால் பின்பக்கம் ஈரம் காட்டி நிமிர்த்தவும் தயக்கம். இப்போதைக்கு ஓரங்களில் மட்டும் கனம் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக விரிக்கிறேன்.

ஆயில் பேஸ்டல் எத்தனை வருடமானாலும் முழுதாகக் காயாது. மேலிருக்கும் தாளில் ஒட்டிக்கொள்ளும். இடையில் பட்டர் பேப்பர் வைத்தாயிற்று. செய்தித்தாள் வைக்கவில்லை, அதிலுள்ள அமிலம் பழுப்பேற்றிவிடும். ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தாமல், ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எழும்பிய செதிலைத் தாளோடு படிய வைக்க மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரில் கரையும் பசைத்தூள்) கரைசல் சரிவருமா? எத்தனை சதவீதம்? 00 எண் மெல்லிய தூரிகையால் செதிலுக்கு அடியில் விட்டால் பக்கத்து நிறம் பரவுமா? இரண்டு தாள்களில் செல்லோடேப் போய்ப் பழுப்புப் பசை மட்டும் நிற்கிறது. அதைத் தாள் உரியாமல் எடுக்க வழி உண்டா? அமிலமில்லாத அட்டை சென்னையில் சில்லறையாக எங்கே கிடைக்கும்?

வார்னிஷ் ஸ்பிரே மட்டும் வேண்டாம். போஸ்டர் கலரின் பளபளப்பில்லாத அழகே போய்விடும், நிறமும் கறுக்கும். அடித்தபின் எடுக்கவும் முடியாது.