மகனின் கார்டு கடனை நான் அடைக்கலாமா?

ராஜபாளையத்தான்:
நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 6 லட்சம் வங்கியில் டெபாசிட் கிடக்கிறது. மகள் பி.எட். படிக்கிறாள், அவள் கல்யாணத்துக்கென்று வைத்த பணம். மகனுக்குச் சென்னையில் வேலை, கைக்கு 28,000 வருகிறது. போன வாரம் அம்மாவுக்குப் போன் போட்டு, கிரெடிட் கார்டில் 1,40,000 நிற்கிறது, வளையலை அடகு வைத்துத் தா என்றிருக்கிறான். என்னிடம் கேட்க வாய் வரவில்லை. இவளோ வளையலைக் கழற்றி பீரோவில் தனியாக வைத்துவிட்டாள். அந்த வயதில் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பா கையில் கொடுத்தவன் நான். கொடுப்பதா, பட்டுத் திருந்தட்டும் என்று விடுவதா?

பெருங்குடி பேச்சிலர்:
சார், நானும் அதே சம்பளக்காரன்தான். நாலு பேர் இருக்கும் வீட்டில் என் பங்கு 7,500. கரண்ட், கேஸ், தண்ணி கேன் 1,200. மெஸ், டீ 7,000. பைக் தவணை 4,100. ஊருக்கு 5,000. மிச்சத்தில் பெட்ரோலும் ரீசார்ஜும். இதில் வீடு மாறினால் அட்வான்ஸ். ஒப்பந்தத்தில் வேறு எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஓனர் விவரமானவர், ஆறு மாதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். கார்டைத் தேய்த்துத்தான் புரட்டினேன். அவன் எதற்குச் செலவழித்தான் என்று முதலில் திட்டாமல் கேளுங்கள். வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு அனுப்புகிறான் என்று நீங்களும் எழுதவில்லையே?

முன்னாள் கேஷியர்:
மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பல கார்டுகளில் மாத வட்டி 3.5 விழுக்காடு வரை போகும். அந்த வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 1,40,000-க்கு மாதம் 5,800 ரூபாய் பக்கம் வரும். 7,000 கட்டினாலும் அசலில் குறைவது 1,200தான். பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இதில் பட்டுத் திருந்த என்ன இருக்கிறது, வங்கிதான் கொழுக்கும்.

வளையலும் வேண்டாம், டெபாசிட்டையும் உடைக்க வேண்டாம். டெபாசிட்டின் பேரிலேயே கடன் கொடுப்பார்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு விழுக்காடுதான் கூடுதல். 8 விழுக்காடு என்று வைத்தால் முதல் மாத வட்டி 930 ரூபாய் சொச்சம். அதே 7,000-ஐ மகன் கட்டினால் 22 மாதத்தில் முடிந்துவிடும். பணத்தை அவன் கையில் தராமல் நேரே கார்டு கணக்கில் கட்டுங்கள்.

மதுரை மீனா:
எல்லாம் சரி அண்ணா, மகளிடம் கேட்டீர்களா? அவள் பேரைச் சொல்லி வைத்த பணம் அல்லவா?

ராஜபாளையத்தான்:
கேட்டேன் அம்மா. சரி என்றாள்; ஆனால் அண்ணன் ஒரு தவணை தவறினாலும் தனக்குச் சொல்ல வேண்டுமாம். ஸ்டேட்மெண்ட்டும் வந்தது. நடுவில் இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறான், அப்போதும் வீட்டுக்கு 6,000 அனுப்பத் தவறவில்லை. மிச்சம் ஒரு போன் வாங்கிய செலவு. அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன். திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம். கார்டை மூடச் சொல்லவா?

முன்னாள் கேஷியர்:
முழுப் பாக்கியையும் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கிய பிறகு மூடட்டும். நடுவில் யாராவது போன் செய்து, பாதித் தொகையில் செட்டில்மெண்ட் முடித்துத் தருகிறோம் என்றால் சம்மதிக்க வேண்டாம். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் 'செட்டில்டு' என்று பதிந்துவிடும். நாளைக்கு அவன் வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடிக்கும்.