கதைப் போட்டி வைத்து நூலகத்துக்குக் காசு சேர்க்கலாமா? நுழைவுக் கட்டணம் வாங்குவது சரியா?

கடலோரக்கதை (உப்புவெளி, திருகோணமலை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசியுங்கள்.

நான் உப்புவெளியில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் வகுப்பு இல்லை. அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடி, விஞ்ஞானப் புனைகதையும் மாயக்கதையும் எழுதி வாசிப்போம். அரூ இதழ் 2019 இல் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டியின் கதைகளைத் தொலைபேசியில் வாசித்துத்தான் இந்தக் கூட்டமே தொடங்கியது. இப்போது ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகள், ஒரு தாதி, துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு தம்பி என்று பல மாதிரியான ஆட்கள் வருகிறார்கள்.

போன மாரி வெள்ளத்தில் மூதூர்ப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையின் நூலகம் முழுதாகப் போய்விட்டது. வெள்ளம் வடிந்து நாலாம் நாள் நான் அங்கே போனேன். சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. புத்தகங்கள் ஊறிப் பருத்து அலுமாரித் தட்டுகளில் இறுகிக் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் முழு வரிசையும் கல்லுச்சுவர் மாதிரி அசையாமல் நின்றது. சிறுவர் களஞ்சியம் ஒன்றை மட்டும் எப்படியோ உருவி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நிழலில் காயவைத்து, சவர பிளேட்டால் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தேன். சாதாரணத் தாள் பிரிகிறது. வழுவழுப்பான படத் தாள் ஒட்டினால் ஒட்டினதுதான். சனிக்கிரகம் தன் வளையத்தோடு எதிர்ப்பக்கத்துச் சிறுத்தையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த நூலகத்துக்கு இரண்டு இரும்பு அலுமாரியும் கொஞ்சப் புத்தகங்களும் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒன்றரை லட்சம் ரூபாவாவது வேண்டும் என்று கணக்குப் பார்த்தோம். அதற்காக ஒரு கதைப் போட்டி வைக்கலாம் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். தலைப்பு, 'திருகோணமலை, நூறு ஆண்டுகள் கழித்து'. எங்கள் ஊரில் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பிள்ளை 'நூறாவது குதம்' என்று எழுதியிருக்கிறாள். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் தெரியும். அவளுடைய கதையில் நூறாவது குதத்துக்குள் எண்ணெய் இல்லை, அந்தக் காலை அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தால் சைரன் கேட்கும். பதினேழு வயதுப் பிள்ளை எழுதியது!

பிரச்சினை காசில்தான் தொடங்கியது. பாதிப் பேர் ஆளுக்கு 500 ரூபா நுழைவுக் கட்டணம் வைப்போம், நல்ல காரியம்தானே என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. நான் பத்தொன்பது வயதில் ஒரு போட்டிக்கு, நிவாரணத்துக்கு என்று சொன்னதை நம்பி, அம்மாவிடம் கேட்டு 1,000 ரூபா கட்டினேன். முடிவும் வரவில்லை, காசு யாருக்குப் போனது என்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, உங்கள் கதை தொகுப்பில் வருகிறது, பத்துப் பிரதி வாங்குங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை ஒன்றும் சொல்லாமல் மடித்து மேசையில் வைத்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

அதே நேரம் அலுமாரியும் வேண்டும். இப்படிப் போட்டியோ காசு சேர்ப்போ நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். காசு யாரிடம் வாங்குவது, எந்தக் கணக்கில் போடுவது?

மட்டிக்களியான்

அக்கா, நல்ல முயற்சி. ஆனால் கட்டணத்தை அப்படியே தள்ளிவிடாதீர்கள். எங்கள் விளையாட்டுக் கழக மலருக்கு இலவசமாகக் கவிதை கேட்டோம். முந்நூறுக்கு மேல் வந்தது. பாதி இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டியது, மீதியில் பாதி ஒரே ஆள் எழுதியது. இரண்டு கிழமை நித்திரை இல்லை. 200 ரூபா என்று வைத்தால் எழுத நினைக்கிறவன் மட்டும்தான் அனுப்புவான். கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்று ஒரு வரி போட்டால் சரி.

இன்னொன்று. கதையைக் கையெழுத்தில் வாங்காதீர்கள். இந்த ஊரில் எழுத்தைப் பார்த்தவுடனே இது யாருடைய பிள்ளை என்று நடுவருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்காபரோக் குளிர்

நான் ஏகாம்பரம் வீதியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ரொறன்ரோவில். விஞ்ஞானப் புனைகதை மாநாடுகளுக்கு வருஷக் கணக்காகப் போய் வருகிறேன். தங்கச்சி, நீங்கள் பிடித்த பிடியை விட வேண்டாம். கட்டணம் வைக்காதீர்கள், 200 ரூபாவும் வேண்டாம். கஷ்டப்பட்ட பிள்ளைக்கு விலக்கு என்றால், நான் கஷ்டப்பட்டவள் என்று அந்தப் பிள்ளை யாருக்கோ எழுதிக் கொடுக்க வேண்டுமே.

இந்தத் துறையில் ஜேம்ஸ் டி. மக்டொனால்ட் என்ற எழுத்தாளர் சொன்ன ஒரு விதியை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். காசு எழுத்தாளர் பக்கமாகத்தான் ஓட வேண்டும், அவரிடமிருந்து வெளியே ஓடக் கூடாது. புது எழுத்தாளர்களுக்காக 1983 இல் இருந்து நடக்கிற 'ரைட்டர்ஸ் ஒப் த பியூச்சர்' போட்டிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. எழுதியவர் பெயரும் நடுவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் காசு எங்கிருந்து வரும்? வாசகரிடமிருந்து. அதற்கு விஞ்ஞானப் புனைகதை வாசகர்களிடம் நல்ல வழிகள் இருக்கின்றன. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்க வாசகர் ஒருவரை இந்தப் பக்க மாநாட்டுக்கு அழைக்க 1953 இல் தொடங்கிய நிதி ஒன்று இன்றைக்கும் ஓடுகிறது. யாரை அழைப்பது என்று வாசகர்கள் வாக்குப் போடுகிறார்கள், வாக்கோடு ஒரு சின்னத் தொகையும் போட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. வென்று போய் வந்தவர்தான் அடுத்த முறை அந்த நிதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு ஒரே கையில் கிடப்பதில்லை. நீங்களும் கதைகளை வெளியிட்டு, வாசகர் வாக்குக்கு 100 ரூபா என்று வைக்கலாம். நடுவர் பரிசு தனி, வாசகர் பரிசு தனி.

இன்னொரு வழி, பெயர். வில்சன் டக்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நண்பர்களின் பெயரைக் கதாபாத்திரங்களுக்கு வைப்பார். அந்தப் பழக்கத்துக்கே அவர் பெயர் ஒட்டிவிட்டது. இப்போது தர்ம ஏலங்களில் அதை விற்கிறார்கள். அதிக விலை கேட்டவரின் பெயரில் அடுத்த நாவலில் ஒரு விண்கலத் தலைவரோ திருடனோ வருவார். இங்கே இருக்கிற எங்கள் ஆட்கள், தங்கள் பெயரை விட, ஊரில் விட்டு வந்தவர்களின் பெயருக்கு நிச்சயம் காசு தருவார்கள்.

காசே இல்லாமலும் செய்திருக்கிறார்கள். ரொபர்ட் ஹைன்லைன் என்ற விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளருக்கு அரிய இரத்த வகை, பிறர் கொடுத்த இரத்தத்தில் பிழைத்தவர். 1976 இல் கன்சாஸ் நகரத்து உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம், இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். மாநாடுகளில் அந்த இரத்ததானம் அவருக்குப் பிறகும் தொடர்கிறது. காசு கொடுத்துத் தொடங்கி வைத்தவரும் உண்டு. மாயக்கதை எழுத்தாளர் டெரி பிராட்செட் தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்ன கொஞ்ச மாதத்தில், 2008 மார்ச்சில், அந்த நோய் ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் அமெரிக்க டொலர் கொடுத்தார். அவர் கொடுத்ததற்கு ஈடாக நாங்களும் சேர்ப்போம் என்று வாசகர்கள் கிளம்பினார்கள். முதலில் நடத்துகிறவர் தன் பங்கைப் போட வேண்டும், அப்புறம் மற்றவர்களிடம் கேட்கலாம். என் பங்காக ஒரு அலுமாரியின் விலையை நான் தருகிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கொட்டியாரக்குடா (கிண்ணியா)

டீச்சர், எங்கே அனுப்ப வேண்டும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் ஒரு முறை அடிபட்டவன். சுனாமிக்குப் பிறகு பெடியளாகச் சேர்ந்து, ஒரு கூட்டாளியின் சொந்தக் கணக்கில் காசு சேர்த்தோம். ஒரு சதம் பிசகவில்லை, ஆனாலும் இரண்டு வருஷம் ஊர் கதைத்தது. அவன் வீட்டுக்கு ஓடு மாற்றியதும் அந்தக் காசில்தான் என்றார்கள். அவன் இன்றைக்கும் எந்தப் பொது வேலைக்கும் வருவதில்லை.

ஆகவே உங்கள் பெயரில் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள். அரச பாடசாலை என்றால் அதற்கு அபிவிருத்திச் சங்கம் இருக்கும், சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கும், பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கும். அதிபரிடம் போய் எழுத்தில் கேளுங்கள். காசு நேரே அங்கே போகட்டும், அனுப்பியவர் பற்றுச்சீட்டின் படத்தை உங்களுக்கு அனுப்பட்டும். அந்தப் படத்தைக் கொடுத்தால் வாக்கு. உங்கள் கையில் காசே படாது.

புத்தகங்களைச் சும்மா கேட்டுவிடாதீர்கள். கேட்டால் 1998 ஆம் ஆண்டுப் பரீட்சை வழிகாட்டியும் கிழிந்த சஞ்சிகையும் மூட்டை மூட்டையாக வரும். எங்களுக்கு வந்தது, கடைசியில் கடலைச் சுற்றக் கொடுத்தோம். அதிபரிடமும் பிள்ளைகளிடமும் ஒரு பட்டியல் வாங்குங்கள். அலுமாரியின் கீழ்த்தட்டை வெறுமையாக விடச் சொல்லுங்கள், மகாவலி திரும்பவும் வரும்.

ஸ்காபரோ அண்ணன் இரத்ததானம் பற்றிச் சொன்னார். நல்ல விஷயம், ஆனால் 18 வயது ஆகாமல் இரத்தம் எடுக்க மாட்டார்கள். டீச்சரின் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அது சரிவராது. பெரியவர்களுக்கு வேண்டுமானால் ஆஸ்பத்திரி இரத்த வங்கியோடு கதைத்துத் தனியாக ஒரு நாள் வைக்கலாம்.

பெயர் விஷயம் வாசித்ததில் இருந்து மனம் அதிலேயே நிற்கிறது. என் ராத்தாவை, என் அக்காவை, கடல் கொண்டுபோனது 2004 சுனாமியில். ஏலத்தில் அதிக விலை கேட்க என்னிடம் வசதி இல்லை. ஆனால் நூறு வருஷம் கழித்து வருகிற ஒரு திருகோணமலையில் அவவின் பெயர் நடமாடும் என்றால் என்னால் முடிந்ததைத் தருவேன்.

கடலோரக்கதை (உப்புவெளி, திருகோணமலை)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உங்கள் பதில்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டணம் வேண்டும் என்று நின்றவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

கிண்ணியா நானா சொன்னதும் எனக்கு விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் ஞாபகம் வந்தது. அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து, கோணேசர் மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கடலுக்கடியில் கண்டவர். அதனால் எங்கள் கூட்டத்தில் அவரை ஊர்க்காரராகத்தான் நினைக்கிறோம். சுனாமியில் ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடி நிலையமும் அழிந்துபோனது. உலகம் முழுவதும் வாசகர்கள் அவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். அவர் நினைத்திருந்தால் தன் பெயரில் ஒரு நிதி தொடங்கியிருக்கலாம், காசு கொட்டியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒக்ஸ்பாம் போன்ற ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுங்கள், இல்லையென்றால் இலங்கையின் சர்வோதய அமைப்புக்குக் கொடுங்கள் என்று எழுதினார். அவ்வளவு பெரிய மனிதரே தன் கையில் வாங்கவில்லை. நான் நாளை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறேன்.

போட்டிக்குக் கட்டணம் இல்லை. ஒருவர் ஒரு கதைதான் அனுப்பலாம், மட்டிக்களித் தம்பியின் முந்நூறு கவிதைப் பயத்துக்கு அது போதும் என்று நினைக்கிறேன். தட்டச்சில் வர வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்தாலும் வாங்குவோம், யுனிகோடுக்கு மாற்றித் தர துறைமுகத்துத் தம்பி ஒத்துக்கொண்டார். கையெழுத்தில் மட்டும் எழுதக்கூடிய பிள்ளைகளுக்கு நாங்களே தட்டச்சு செய்து கொடுப்போம். பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போட்டு நடுவருக்குக் கொடுப்பது தாதி அக்காவின் பொறுப்பு. அவர் இந்த முறை கதை எழுத மாட்டார், எழுத எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதற்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பரிசுக் காசை நன்கொடையில் இருந்து எடுக்க மாட்டோம். அது என்னுடையது. கிளார்க் பெயரில் இங்கிலாந்தில் கொடுக்கிற விருதுக்கு, 2001 இல் இருந்து அந்தந்த ஆண்டின் எண்ணையே பவுண்டில் பரிசாகக் கொடுக்கிறார்கள். நாங்கள் அந்த எண்ணோடு ஒரு பூச்சியம் சேர்த்து ரூபாவில் கொடுப்போம். என் இரண்டு மாத டியூஷன் காசில் ஒரு பகுதி, முடியும்.

பெயரை ஏலம் விட மாட்டோம். ஏலம் என்றால் ரொறன்ரோ கேட்கும், கிண்ணியா கேட்க முடியாது. பற்றுச்சீட்டு எவ்வளவாக இருந்தாலும் சரி, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர். போட்டிக்கு எழுதுகிற பிள்ளைகளின் கதைக்குள் அவற்றைத் திணிக்க மாட்டோம், அது அவர்களுடைய கதை. நானும் தாதி அக்காவும் துறைமுகத்துத் தம்பியும் சேர்ந்து போட்டிக்கு வெளியே ஒரு நீண்ட கதை எழுதுகிறோம், பெயர்கள் அதில் வரும். யாரையும் கெட்டவராக்க மாட்டோம்.

நானா, ராத்தாவின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். அவவுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள். மூதூருக்கு ஓடுகிற படகின் கப்டன் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை.

கொட்டியாரக்குடா (கிண்ணியா)

படகு வேண்டாம் டீச்சர். ராத்தாவுக்குப் படிப்பிக்கத்தான் விருப்பம். கடல் தெரியாத பக்கமாக, நல்ல மேட்டில் இருக்கிற ஒரு பாடசாலையில் போடுங்கள்.