ஓட்டம் குறைந்தால் ஆரிஃபிஸ் மீட்டர் ஆடுகிறது, ஏன்?

கேள்வி: ஆரிஃபிஸ் மீட்டர் (குழாய்க்குள் துளையிட்ட பிளேட் வைத்து, அதன் இருபுற அழுத்த வேறுபாட்டிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவது). 100 மி.மீ. குழாய், தண்ணீர், மணிக்கு 5 முதல் 20 கன மீட்டர். 20-ல் சரியாகக் காட்டுகிறது. 5-ல் முள் நிலைகொள்ளவில்லை. பிளேட்டை மாற்ற வேண்டுமா?

பதில் 1: பிளேட் மேல் பழி போடாதீர்கள். அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்தில் போகும். ஓட்டம் கால் பங்கானால் வேறுபாடு பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25%. அங்கே அந்த வேறுபாட்டை அளக்கும் டிரான்ஸ்மிட்டரின் ஜீரோ முழு அளவில் 1% நகர்ந்தாலே ஓட்டக் கணக்கில் ஏறக்குறைய 8% பிழை வரும். முதலில் இம்பல்ஸ் குழாய்களில் (அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுபோகும் சிறு குழாய்கள்) காற்றுக்குமிழி இருக்கிறதா பாருங்கள். திரவத்துக்கு டேப்பிங் (அந்தச் சிறு குழாய் பெரிய குழாயில் சேரும் துளை) பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், மேலே அல்ல.

பதில் 2: இந்த வீச்சுக்கு மின்காந்த மீட்டர்தான் (காந்தப்புலத்தில் ஓடும் நீரில் உண்டாகும் மின்னழுத்தத்தை மின்முனைகளால் அளப்பது) பொருத்தம். குழாய் அளவிலேயே வாங்கிவிடாதீர்கள். 65 மி.மீ.க்கு ரெடியூசர் (குழாயைக் குறுக்கும் இணைப்பு) வைத்தால் வேகம் 20-ல் நொடிக்கு 1.7 மீட்டர், 5-ல் 0.4. மின்முனைகள் கிடைமட்டமாக இருக்கட்டும். மேலே வந்தால் காற்றும் கீழே வந்தால் வண்டலும் மூடும். குழாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: தண்ணீர் உப்பு நீக்கியது. பரவாயில்லையா?

பதில் 2: அப்படியானால் விடுங்கள். இந்த மீட்டருக்கு நீரின் மின்கடத்துதிறன் வழக்கமாக செ.மீ.க்கு 5 மைக்ரோசீமென்ஸாவது வேண்டும்; உப்பு நீக்கிய நீரில் அது பெரும்பாலும் இருக்காது. கோரியாலிஸ் (அதிரும் குழாயால் நிறை ஓட்டத்தை அளப்பது) அல்லது அல்ட்ராசோனிக் (ஒலியலையால் அளப்பது) மீட்டர் பாருங்கள்.