நடுகல் கேமுக்கு ஏஐ படம் வைக்கலாமா?

தகடூரான், தருமபுரி:
ஊர் மாடுகளை ஓட்டிப் போகிறவர்களைத் துரத்திப்போய் மீட்கும் ஒரு வீரனை வைத்து கேம் செய்கிறேன். நம் மாவட்டத்து நடுகற்கள்தான் கதைக்கு வேர். முழுக்க இரவில் நடக்கும். மணிச்சத்தத்தை வைத்துத்தான் மந்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். கோடிங், ஒலி எல்லாம் நானே. வரைய வராது. அதனால் வீரன், மலைப் பின்னணி, அட்டைப் படம் மூன்றையும் ஏஐயில் எடுத்தேன். முன்னோட்டத்தைப் போட்டதும் 'இது உன் படைப்பே இல்லை' என்று சிலர் எழுதிவிட்டார்கள். மாடு எந்தச் சத்தத்துக்கு மிரளும், எவ்வளவு தூரம் ஓடும் என்று யோசித்து எழுதியதெல்லாம் அப்போது யாருடையது? கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமை ஏற்றவே 100 டாலர் கட்ட வேண்டும். ஓவியருக்குக் கொடுக்கக் காசு இல்லாதவன் கேமே செய்யக் கூடாதா?

கரிக்கோல், கிருஷ்ணகிரி:
தம்பி, தாராளமாகச் செய்யுங்கள். அந்த மணிச்சத்த யோசனை அருமை. எனக்கு உறுத்துவது வீரன் படம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு கையில் வாள், ஒரு கையில் வில், இடுப்பில் இறுக்கிய கச்சை, பக்கவாட்டில் முடிந்த கொண்டை, உடம்பில் தைத்த அம்புகள். உங்கள் படத்தில் இருப்பவனுக்கு இரும்பு மார்க்கவசம், தோளில் சிவப்புப் போர்வை, சதுரத் தாடை. அவன் எந்த ஊர்க்காரன்?

இப்படி வருவதற்குக் காரணம் இருக்கிறது. படம் வரையும் ஏஐகளில் ஒன்றான ஸ்டேபிள் டிஃப்யூஷன் பழகியது லயன் 5பி என்ற தொகுப்பிலிருந்து எடுத்த படங்களை வைத்து. அந்தத் தொகுப்பில் 585 கோடி படங்கள், இணையத்திலிருந்து அள்ளியவை. அதில் நம் நடுகல் கடுகளவாவது இருக்குமா? 'வீரன்' என்று கேட்டால் அதிகம் பார்த்த வீரனைத்தான் அது கொடுக்கும். பாலக்கோடு பக்கம் புளியமரத்தடியில் நிற்பவனைக் கொடுக்காது.

ஓசூர் ஷிப்ட், ஓசூர்:
அண்ணே, அது பிராம்ப்ட்டில், அதாவது ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பில், சரி செய்யக்கூடிய விஷயம். கல்லின் போட்டோவையே கொடுத்து வரையச் சொல்லலாம். கேமின் உயிர் விதிகளில் இருக்கிறது. 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் கேமை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் காட்டவே வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஃப்ளெக்ஸ் வந்தபோது போர்டு எழுதியவர்களும் இப்படித்தான் கலங்கினார்கள். காலம் நிற்கவில்லை.

கரிக்கோல், கிருஷ்ணகிரி:
என் அப்பா போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் மிஷின் அவர் தொழிலை எடுத்தது, உண்மை. ஆனால் அவர் எழுதிய எழுத்தை விழுங்கிவிட்டு அதையே திருப்பி விற்கவில்லை. இது அப்படிச் செய்கிறது, யாரிடமும் கேட்காமல். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பென்னாகரத்தாள், பென்னாகரம்:
நான் அனிமேஷன் வேலை பார்க்கிறவள். தகடூரான், உங்கள் வீரன் நிற்கும்போது ஒருவன், ஓடும்போது வேறொருவன். முன்னோட்டத்தில் வாள் ஓங்கும் இடத்தை நிறுத்திப் பாருங்கள்: கச்சையின் முடிச்சு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தாவுகிறது. அடி எப்போது விழும் என்று ஆடுகிறவருக்கு உடம்பின் சாய்வுதான் சொல்ல வேண்டும். தனிப்படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தச் சாய்வு அதில் வராது.

இன்னொன்று. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் 'ஜர்யா ஆஃப் தி டான்' என்ற படக்கதைக்கு, எழுத்துக்கும் படங்களை அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ வரைந்த படங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. நாளைக்கு உங்கள் வீரனை எவனாவது எடுத்து அவன் கேமில் வைத்தால் அமெரிக்காவில் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஓசூர்க்காரர் சொன்ன டெட்ரிஸ் என் பக்கம்தான் பேசுகிறது. படம் இல்லாமலே நிற்கும் கேமுக்கு இரவல் படம் எதற்கு? பர்கூர் பக்கம் மல்லப்பாடி பாறையில் குதிரைமேல் மோதுகிறவர்களை வெறும் வெள்ளை நிறத்தில் தீற்றியிருக்கிறார்கள். கண் இல்லை, மூக்கு இல்லை. சண்டை என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. உங்கள் கேம் இருட்டில் நடக்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை உருவங்கள் போதாதா? வரைய வராதவர்களும் பழகிவிடலாம்.

தகடூரான், தருமபுரி:
வெள்ளை உருவம் எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா, மந்தையும் அதில் நன்றாகத் தெரியும். வீரனை அப்படியே செய்து பார்க்கிறேன். மலைப் பின்னணியை நீக்க மாட்டேன். 2024 ஜனவரியிலிருந்து ஸ்டீம் கேட்கிறபடி ஏஐ பயன்படுத்தியதைக் கடைப் பக்கத்தில் எழுதிவிடுவேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஓசூர் ஷிப்ட், ஓசூர்:
அது போதும். வாங்குகிறவர் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கரிக்கோல், கிருஷ்ணகிரி:
எனக்குப் போதாது. உங்கள் பின்னணியில் இருப்பது பனி படர்ந்த கூர்மலை. மாடு மேய்ந்த நம் மலை மொட்டைப் பாறையும் முள்ளுமாக இருக்கும். வீரனுக்கு ஒரு நியாயம், மலைக்கு ஒரு நியாயமா? காசு பிரச்சினை என்றால் மலையை நான் வரைந்து தருகிறேன். கேம் விற்றால் பங்கு கொடுங்கள், விற்காவிட்டால் வேண்டாம். அந்த ஏஐ மலை மட்டும் இருக்கக் கூடாது.